பழைய ஸ்கேனர், புதிய ஓபிடி: எது மாறுகிறது, எது மாறவில்லை?

அம்பத்தூரில் எல்லாக் கம்பெனி கார்களையும் பார்க்கும் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவில் 2027 மாடலிலிருந்து ஓபிடி மாறுகிறது, இப்போது இருக்கும் ஸ்கேனர் எல்லாம் வீண் என்று ஸ்கேனர் விற்க வந்தவர் சொல்கிறார். உண்மையா? எதற்காக மாற்றுகிறார்கள்? சென்னையில் வேலை பார்க்கும் நமக்கு இதனால் என்ன?"

ஈசியூ என்ற வண்டியின் கணினியில் ஓடும் டயக்னாஸ்டிக்ஸ் (பழுது கண்டறியும்) மென்பொருளைச் சோதிப்பதுதான் என் வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓபிடி என்பது புகை தொடர்பான பழுதை வண்டியே கண்டுபிடித்துச் சொல்லும் ஏற்பாடு; அதைச் சாக்கெட்டில் செருகிப் படிக்கும் கருவிதான் ஸ்கேனர். முதலில் அவசரக் கேள்விக்குப் பதில்: ஸ்கேனரை வைத்துக்கொள்ளுங்கள். நம் ரோட்டில் ஓடும் பிஎஸ்-4, பிஎஸ்-6 கார்கள் பெரும்பாலும் பழைய முறையில்தான் பேசுகின்றன, இன்னும் பல வருடம் அவைதான் உங்கள் கடைக்கு வரும். ஆனால் விற்பனையாளர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. மாற்றம் உண்மைதான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட் அப்படியே இருக்கிறது. 6, 14 ஆம் பின்களில் கேன் வயர் (ஈசியூக்கள் பேசிக்கொள்ளும் பொது வயர்), 4, 5-ல் எர்த், 16-ல் பேட்டரி, எல்லாம் பழையபடிதான். அந்த வயரில் போகும் கேள்வியும் வரும் பதிலும்தான் மாறுகின்றன.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் 1988 மாடல் வண்டிகளிலிருந்து புகை தொடர்பான பழுதை வண்டியே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்றது. அப்போது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சாக்கெட், பழுது எண்களுக்கு ஒரு கோட் புத்தகம். 1996-ல் அமெரிக்கா முழுக்க ஓபிடி-2 வந்து சாக்கெட் பொதுவானது. ஆனால் உள்ளே ஃபோர்டு ஒரு மாதிரி பேசியது, ஜெனரல் மோட்டார்ஸ் வேறு மாதிரி, ஐரோப்பிய, ஆசிய வண்டிகள் கே-லைன் என்ற ஒற்றை வயரில் இன்னொரு மாதிரி. 2008 மாடலிலிருந்துதான் அங்கே எல்லாரும் கேன் என்று ஆனது. நம் நாட்டில் 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களுக்கு பிஎஸ்-4 வந்தபோது ஓபிடியின் முதல் கட்டமும் சேர்ந்து வந்தது. இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில்.

அதாவது 2008-ல் நடந்தது வயரைச் சீராக்கியது. இப்போது நடப்பது அந்த வயரில் பேசும் பேச்சைச் சீராக்குவது. பழைய பேச்சுமுறைக்குப் பெயர் ஜே1979, எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு வகுத்தது. புதியதற்கு ஜே1979-2, ஓபிடி ஆன் யூடிஎஸ் என்றும் சொல்வார்கள். 2021-ல் வெளியானது. கலிஃபோர்னியாவில் 2023 மாடலிலிருந்து விரும்பியவர்கள் பயன்படுத்தலாம், 2027 மாடலிலிருந்து கட்டாயம்.

சரி, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை ஏன் தொட வேண்டும்? இதற்கு ஒரே ஒரு சென்சாரை எடுத்துக்கொண்டால் போதும். கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். எல்லா வண்டியிலும் இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும்.

பழைய முறையில் கூலன்ட் வெப்பத்தைக் கேட்க ஸ்கேனர் அனுப்புவது இரண்டே பைட்: 01 05. முதல் 01 என்பது "இப்போதைய அளவைச் சொல்" என்ற சேவை எண். 05 என்பது கூலன்ட் வெப்பத்துக்கு ஒதுக்கிய எண், பிஐடி என்போமே, அது. ஈசியூவிடமிருந்து 41 05 78 என்று பதில் வருகிறது என்று வையுங்கள். கடைசியில் உள்ள 78 பதினாறின் அடிமானத்தில் எழுதிய எண். நம் கணக்கில் 120. அதிலிருந்து 40-ஐக் கழித்தால் 80 டிகிரி. இதைத்தான் உங்கள் ஸ்கேனர் திரையில் காட்டுகிறது.

பிஐடிக்கு ஒரே ஒரு பைட் என்பதால் மொத்தம் 256 எண்கள்தான். 1990-களில் அது தாராளம். அப்புறம் டீசலில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வந்தது, யூரியா தெளிக்கும் எஸ்சிஆர் வந்தது, நைட்ரஜன் ஆக்சைடு சென்சார், பல டர்போ, ஹைபிரிட் பேட்டரி என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் சில எண்களை எடுத்துக்கொண்டது. ஒரே எண்ணுக்குள் நாலைந்து அளவுகளைத் திணிக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

பழுது கோடுகளின் நிலைமை இன்னும் மோசம். அதே கூலன்ட் சென்சாருக்கு எத்தனை கோடு தெரியுமா? பி0115 சர்க்யூட் பழுது, பி0116 அளவு நம்பும்படி இல்லை, பி0117 சிக்னல் மிகத் தாழ்வு, பி0118 சிக்னல் மிக உயர்வு, பி0119 விட்டு விட்டு வரும் பழுது. ஒரு சென்சாருக்கு ஐந்து எண்கள். இப்படியே எல்லா சென்சாருக்கும், ஈசியூ சொல்படி இயங்கும் எல்லா ஆக்சுவேட்டருக்கும் கொடுத்துக்கொண்டே போனதில் பி0, பி2 வரிசைகள் நிரம்பத் தொடங்கின. புதிய பழுது வகை ஒன்று தேவைப்பட்டால், ஏறக்குறையப் பொருந்தும் பழைய கோடு ஒன்றின் கீழ் அதைத் தள்ளிவிட வேண்டியிருந்தது. மெக்கானிக்குக் கிடைக்கும் தகவல் மங்கிப்போன இடம் இதுதான்.

புதிய முறையில் கோடு மூன்று பைட். முதல் இரண்டு பைட் எந்த உறுப்பு என்று சொல்லும், மூன்றாவது பைட் என்ன வகைப் பழுது என்று சொல்லும். மூன்றாவது பைட்டில் 11 என்றால் எர்த்தோடு ஷார்ட், 12 என்றால் பேட்டரி பாசிட்டிவோடு ஷார்ட், 13 என்றால் ஓப்பன் சர்க்யூட். எந்த உறுப்பானாலும் இந்த எண்களின் பொருள் மாறாது. ஓப்பன் சர்க்யூட்டா, பாசிட்டிவில் ஒட்டிக்கொண்டதா என்று பழைய பி0118 பிரித்துச் சொல்லாது. புதிய கோடு சொல்லிவிடும், வயரிங்கைப் பிரித்துப் பார்க்கும் முன்பே.

அளவுகளைக் கேட்கும் முறையும் இப்படித்தான் விரிந்திருக்கிறது. எண்ணுக்கு இரண்டு பைட், ஆக 65,536 இடங்கள். கூலன்ட் வெப்பத்தை இனி 22 எஃப்4 05 என்று கேட்க வேண்டும்; 62 எஃப்4 05 78 என்று பதில் வரும். கடைசி 05 78 அப்படியே இருப்பதைப் பாருங்கள். பழைய பிஐடிகளை மொத்தமாக எஃப்4 என்ற வரிசைக்குக் கீழே குடியேற்றியிருக்கிறார்கள். எனவே 40-ஐக் கழிக்கும் கணக்கும் மாறவில்லை. இதை வடிவமைத்தவர்கள் நிதானமாக யோசித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றிய இடம் இது. ஸ்கேனர் மென்பொருள் எழுதுபவருக்குப் பாதிச் சுமை இதிலேயே குறைகிறது.

22 என்ற சேவை எண் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். ஈசியூவுக்குப் புதிதல்ல. யூடிஎஸ் என்பது ஐஎஸ்ஓ 14229 என்ற சர்வதேசத் தரம். கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் இருக்கும் டீலர் ஸ்கேனர்கள் பல வருடமாக இதில்தான் பேசுகின்றன. இதுவரை ஈசியூவுக்குள் இரண்டு பேச்சுமுறைகளையும் எழுத வேண்டியிருந்தது: டீலர் கருவிக்கு யூடிஎஸ், சட்டத்துக்கு ஜே1979. ஒரே சென்சார் பழுது இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பதிவாகும், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இனி ஒன்றே போதும்.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் வேறு. பழைய முறையில் உறுதியான கோடு வேண்டுமென்றால் 03 சேவை, இன்னும் உறுதியாகாத பெண்டிங் கோடுக்கு 07, அழிக்கவே முடியாத நிரந்தரக் கோடுக்கு 0ஏ. தனித்தனியாகக் கேட்க வேண்டும். புதியதில் 19 என்ற ஒரே சேவைக்குள் எல்லாம் வருகிறது, ஒவ்வொரு கோடோடும் ஒரு நிலை பைட் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதன் எட்டு பிட்டும் எட்டுச் செய்தி. இந்த நொடி பழுது இருக்கிறதா, இந்த முறை வண்டியை ஸ்டார்ட் செய்த பிறகு வந்ததா, பெண்டிங்கா, உறுதியானதா, கடைசியாகக் கோடு அழித்த பிறகு இந்தச் சோதனை ஓடியே முடிந்ததா, இந்த ஓட்டத்தில் முடிந்ததா, அழித்த பிறகு ஒருமுறையாவது பழுது வந்ததா, டாஷ்போர்டில் செக் என்ஜின் லைட் எரியச் சொல்லியிருக்கிறதா.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊரில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் முழங்கால் தண்ணீரில் வந்த கார். கனெக்டருக்குள் ஈரம் புகுந்து பின்னில் பச்சை பிடித்திருக்கும். லைட் வரும், போகும். கஸ்டமர் கடைக்குக் கொண்டுவரும்போது வெயில் அடித்து எல்லாம் காய்ந்திருக்கும். "நேத்து எரிஞ்சுது சார், இப்ப இல்ல" என்பார். இப்படிப்பட்ட வண்டியில் அந்த நிலை பைட்டைப் படித்தால், இப்போது பழுது இல்லை, ஆனால் அழித்த பிறகு வந்து போயிருக்கிறது, இந்த ஓட்டத்தில் சோதனை ஓடி முடிந்து நல்லபடியாக இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம். பழுது வந்த நொடியின் படமான ஃப்ரீஸ் ஃப்ரேமும் பழைய முறையில் ஒரு ஈசியூவுக்கு ஒன்றுதான் கட்டாயம். எந்தக் கோடு முந்திக்கொண்டதோ அதற்கு மட்டும். புதியதில் பல கோடுகளுக்குத் தனித்தனிப் படம் வைக்க வழி இருக்கிறது. விட்டு விட்டு வரும் பழுதைத் துரத்தி ஒரு நாளை இழந்த எந்த மெக்கானிக்குக்கும் இதன் மதிப்பு புரியும்.

ரெடினெஸ், அதாவது சோதனைகள் ஓடி முடிந்தனவா என்ற விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பழுதுக் கோடை அழித்ததும் வண்டி எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து நடத்த வேண்டும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சோதனை முடிந்ததா, பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் இவாப் முடிந்ததா என்று பழைய முறை கூட்டம் கூட்டமாகத்தான் சொல்லும். ஒரு கூட்டம் முடியவில்லை என்றால் அதற்குள் எந்தச் சோதனை பாக்கி என்று தெரியாது. புதியதில் கோடு வாரியாகத் தெரியும். எந்தச் சோதனை எத்தனை முறை ஓட வாய்ப்பிருந்து எத்தனை முறை ஓடியது என்ற விகிதத்தையும் கோடு வாரியாக எடுக்க முடிகிறது. 2023 ஏப்ரலில் தொடங்கிய பிஎஸ்-6 இரண்டாம் கட்டத்தில் நம் கார்களுக்கும் இந்த விகிதக் கணக்கு உண்டு என்பதால், இங்கே இருக்கும் பொறியாளர்களுக்கு இது வெறும் வெளிநாட்டுச் செய்தி இல்லை.

இனி உங்கள் பெஞ்சில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். புதிய முறை வண்டி ஒன்றில் பழைய ஸ்கேனரைச் செருகினால் அது 01 00, அதாவது எந்தெந்த பிஐடி உண்டு என்று கேட்கும். வண்டி "தெரியாது" என்றுகூடச் சொல்லாது. எல்லா ஈசியூவுக்கும் பொதுவாக அனுப்பும் கேள்வியில் ஆதரிக்காத சேவை இருந்தால் மௌனமாக இருக்க வேண்டும் என்பதுதான் யூடிஎஸ் விதி. ஸ்கேனரோ "இணைப்பு இல்லை" என்று காட்டும். இதைப் பார்த்து ஃப்யூஸ் போயிருக்கிறது, கேன் வயர் அறுந்திருக்கிறது, ஈசியூ செத்துவிட்டது என்று முடிவுகட்டிப் பிரிக்கத் தொடங்கினால் கஸ்டமருக்கும் நஷ்டம், உங்களுக்கும் கெட்ட பெயர். முதலில் மீட்டரை எடுத்து 16 ஆம் பின்னில் 12 வோல்ட் வருகிறதா, இக்னிஷனை ஆஃப் செய்துவிட்டு 6-க்கும் 14-க்கும் நடுவே 60 ஓம் பக்கம் காட்டுகிறதா என்று பாருங்கள். அநேக வண்டிகளில் அது இரண்டு 120 ஓம் ரெசிஸ்டர்களின் கணக்கு. நடுவில் கேட்வே (தகவலை வடிகட்டி அனுப்பும் பெட்டி) வைத்த சில வண்டிகளில் சாக்கெட்டில் வேறு அளவு காட்டலாம். இரண்டும் சரியாக இருந்தும் ஸ்கேனர் பேசவில்லை என்றால், வண்டி வேறு முறையில் பேசுகிறதோ என்று சந்தேகப்படுங்கள். புதிய ஸ்கேனர்கள் முதலில் 22 எஃப்8 10 என்று கேட்டு எந்த முறை என்று தெரிந்துகொள்ளும். பதில் இல்லையென்றால் பழைய 01 00-க்கு இறங்கி வரும்.

கையில் இருக்கும் கருவி நல்ல கம்பெனியுடையது, கேன் பேசக்கூடியது என்றால் மென்பொருள் அப்டேட்டிலேயே இந்த வேலை முடியக்கூடும். வாங்கும்போது "ஜே1979-2 ஆதரவு உண்டா, அப்டேட் எத்தனை வருடம் தருவீர்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நகல் ப்ளூடூத் டாங்கிள்களை நம்பாதீர்கள். புதிய முறையில் பதில்கள் நீளம். கேனில் ஒரு தடவைக்குப் போகும் எட்டு பைட் ஃப்ரேமுக்குள் அடங்காமல் பல துண்டுகளாக வரும். மலிவான நகல்களில் சில அந்தத் துண்டுகளைச் சேர்க்கும்போது நடுவில் விட்டுவிடும். பாதிக் கோடு பட்டியலை முழுப் பட்டியல் என்று நினைத்து வண்டியை அனுப்பிவிடுவீர்கள்.

லாரி, பஸ் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கனரக வண்டிகளில் ஜே1939 என்ற வேறு மரபு நெடுங்காலமாக இருக்கிறது. அதில் எந்த உறுப்பு என்பதற்கு ஒரு எண், என்ன பழுது என்பதற்கு ஒரு எண் என்று முதலிலிருந்தே பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். கார் உலகம் இப்போதுதான் அந்த இடத்துக்கு வருகிறது. டூ-வீலருக்கு வேறு சாக்கெட்: பிஎஸ்-6 பைக்குகள் பலவற்றில் சீட்டுக்கடியில் இருக்கும் சிவப்பு நிற 6 பின் கனெக்டர், ஐஎஸ்ஓ 19689 சொல்வது. 2025 ஏப்ரலிலிருந்து பைக்குகளுக்கும் ஓபிடி-2பி என்ற அடுத்த கட்டம் வந்துவிட்டது.

மின்சாரக் காருக்குப் புகை இல்லையே, இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஜே1979-3 என்று அதற்கும் ஒன்று வந்திருக்கிறது. கலிஃபோர்னியா 2026 மாடலிலிருந்து மின்சாரக் கார்களில் பேட்டரியின் ஆரோக்கியம் போன்ற தகவலைப் பொதுவான முறையில் படிக்க முடிய வேண்டும் என்கிறது. செகண்ட் ஹேண்ட் மின்சாரக் கார் வாங்க நினைக்கும் ஒருவருக்கு இதைவிட முக்கியமான எண் எது? விற்பவர் வாயால் சொல்வதை நம்பிப் பல லட்சம் கொடுப்பதற்கும், எந்த ஒர்க்‌ஷாப்பிலும் செருகிப் படித்துப் பார்த்து வாங்குவதற்கும் எவ்வளவு வித்தியாசம். இங்கேயும் இது வர வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

இனி நம் ஊர் விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நம் புகைப் பரிசோதனை மையங்களில் என்ன நடக்கிறது? பெட்ரோல் வண்டி என்றால் சைலன்ஸரில் குழாயை விட்டு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்க்கிறார்கள். டீசல் என்றால் ஆக்சிலேட்டரை மிதித்துக் கரும்புகை எவ்வளவு அடர்த்தி என்று பார்க்கிறார்கள். பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிக்கு அந்தச் சான்றிதழ் ஒரு வருடம் செல்லும். கார்புரேட்டர் காலத்துக்கு இது பொருத்தமான சோதனை. ஆனால் பிஎஸ்-6 டீசலில் எஸ்சிஆர் வேலை செய்யாமல் நைட்ரஜன் ஆக்சைடைக் கொட்டிக்கொண்டிருந்தாலும் இந்தச் சோதனைக்கு அது தெரியாது, ஏனென்றால் அது நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. வண்டியின் ஈசியூவுக்கோ அது தெரியும். டாஷ்போர்டில் லைட்டே எரிந்துகொண்டிருக்கலாம். பக்கத்தில் நின்று குழாயை விடுபவர் அந்த சாக்கெட்டைத் தொடுவதில்லை.

கலிஃபோர்னியாவில் 2015-லிருந்து, 2000 மாடலும் அதற்குப் பிறகும் வந்த பெட்ரோல் கார்களுக்குக் குழாய்ச் சோதனையே இல்லை. சாக்கெட்டில் செருகி ஈசியூவிடம் கேட்கிறார்கள். லைட் எரிகிறதா, ரெடினெஸ் முடிந்ததா, நிரந்தரக் கோடு இருக்கிறதா என்று. சோதனைக்கு முந்தின நாள் கோடை அழித்துவிட்டு வந்தால் ரெடினெஸ் காட்டிக்கொடுக்கும்; நிரந்தரக் கோடை ஸ்கேனரால் அழிக்கவே முடியாது, அந்தச் சோதனை ஓடி வண்டி தேறினால்தான் தானாகப் போகும். ஈசியூ மென்பொருளின் சரிபார்ப்பு எண்ணையும் படிக்கலாம். புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பும் ஈஜிஆரை மூடி, மென்பொருளை மாற்றி ரீமேப் செய்த வண்டியில் அந்த எண் கம்பெனி கொடுத்ததோடு ஒத்துப்போகாது.

இதற்கெல்லாம் புதிய முறை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இப்போது ஓடும் பிஎஸ்-6 கார்களில் பழைய 01, 03, 09 சேவைகளே போதும். முதல் கட்டமாக லைட் நிலை, ரெடினெஸ், கோடு எண்ணிக்கை, சரிபார்ப்பு எண் ஆகிய நான்கை மட்டும் சான்றிதழோடு பதிவு செய்தாலே, ஜிஎஸ்டி ரோட்டிலும் எண்ணூர் பக்கமும் எந்த மாதிரி வண்டிகள் என்ன பழுதோடு ஓடுகின்றன என்ற நிஜமான படம் கிடைக்கும். ஓரகடத்தில் அரசின் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. அமெரிக்க, ஐரோப்பிய மாடல்களுக்கு டயக்னாஸ்டிக்ஸ் எழுதும் பொறியாளர்கள் சோழிங்கநல்லூரிலும் மறைமலை நகர் பக்கமும் நிறைய இருக்கிறார்கள். இந்த ஊரில் இதைச் செய்ய ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு கவலையும் இருக்கிறது. யூடிஎஸ் என்பது டீலர் கருவியின் பேச்சுமுறை என்றேன். அதில் பூட்டு போடும் வசதிகளும் உண்டு: பாதுகாப்பு அணுகல், சான்று சரிபார்ப்பு என்று. ஈசியூவில் எழுதுவதற்கும், பிரேக், ஏர்பேக் பக்கம் கை வைப்பதற்கும் பூட்டு இருப்பது நியாயம். திருட்டும் ஹேக்கிங்கும் நிஜமான ஆபத்துகள். ஆனால் புகை தொடர்பான தகவலைப் படிப்பது எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் 1996-லிருந்து ஓபிடியின் அடிப்படை. இங்கே புதிய முறையைச் சட்டத்தில் சேர்க்கும் நாள் வந்தால், வரைவு விதி வெளியாகிக் கருத்துக் கேட்கும்போது ஒர்க்‌ஷாப் சங்கங்கள் இந்த ஒன்றைக் கண்டிப்பாக எழுதிக் கேட்க வேண்டும்: படிக்கும் உரிமைக்குக் கட்டணமோ பூட்டோ கூடாது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் உதிரிபாகம் வாங்கி, அம்பத்தூரில் ஒரு ஷெட்டில் வேலை செய்பவர்தான் இந்த நகரத்தின் வாரண்டி முடிந்த வண்டிகளில் பெரும்பகுதியைப் பராமரிக்கிறார். அவருக்கு ஈசியூ பேசவில்லை என்றால் கோடைப் படிக்காமலே சென்சாரை மாற்றுவார், லைட் பல்பை மறைப்பார், புகை காற்றில்தான் போகும்.

நீங்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இப்போதைய ஸ்கேனரிலேயே 06 சேவையைத் திறந்து பழகுங்கள். பல கருவிகளில் "ஆன்போர்டு மானிட்டர்" என்று இருக்கும். அளந்த மதிப்பு, குறைந்தபட்ச எல்லை, அதிகபட்ச எல்லை மூன்றும் அதில் வரும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பது கன்வர்ட்டர் திறன் குறைவு என்ற பி0420 கோடு வருவதற்கு முன்பே தெரியும். புதிய முறையிலும் இதே மூன்று எண்கள் எஃப்6 வரிசைக்குக் கீழே வருகின்றன, அதனால் இன்று பழகியது அன்றைக்கும் உதவும்.